ஐந்தாம் அத்தியாயம்: கார்த்திகையில் ஊன்றும் வெங்காயம்

இங்கிலாந்து முதலான குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் புரட்டினால், இலையுதிர்காலத்தில் சிறு வெங்காயக் குமிழ்களை மண்ணில் ஊன்றிவிட்டால் அவை வேர்பிடித்து, பனிக்காலம் முழுவதையும் அரைத் தூக்கத்தில் கழித்து, வசந்தம் பிறந்ததும் விறுவிறுவென்று வளர்ந்து, ஜூன் ஜூலை மாதங்களில் மற்ற வெங்காயங்களுக்கெல்லாம் முன்னதாக அறுவடைக்கு வந்துவிடும் என்று ஓர் அத்தியாயம் தவறாமல் எழுதப்பட்டிருக்கும். அதே உபதேசத்தைக் காஞ்சிபுரத்துக் கொல்லைப்புறத்தில் அட்சரம் பிசகாமல் பின்பற்றப் புகுகிறவருக்கு ஏமாற்றம் நிச்சயம். நமக்கு உறைபனி இல்லை, மண்ணுக்குள் உறங்கிக் கிடக்க வேண்டிய அவசியமும் வெங்காயத்துக்கு இல்லை. ஆனாலும் அதே அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் நாமும் வெங்காயம் ஊன்றுகிறோம். அங்கே குளிரைத் தாண்ட வேண்டிய பயிர் இங்கே மழையைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம். ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் யோசனைகள் யாவும், சுற்றி வளைத்துப் பார்த்தால், தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்ற ஒரே விஷயத்தில் வந்து முடியும்.

வெளிநாட்டு உறவினர்கள் அன்போடு அனுப்பும் விதைப் பொட்டலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெங்காயம் குமிழ் விடுவதற்குப் பகற்பொழுதின் நீளம் ஒரு முக்கியமான காரணம். வட ஐரோப்பாவில் வளரும் ரகங்கள் 14 மணிக்கும் அதிகமான பகல் வெளிச்சத்தைக் கண்டால்தான் குமிழ் விடும். நம் காஞ்சியிலோ ஆனி மாதத்து மிக நீண்ட பகல்கூட 13 மணியை எட்டுவதில்லை, மார்கழியில் அது சுமார் 11 மணி 20 நிமிஷமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ரகங்களை இங்கே நட்டால் பச்சைப் பசேலென்று தாள் வளரும், அடியில் ஒன்றும் திரளாது. தாளை அரிந்து பொரியல் செய்ய விரும்புகிறவர்கள் தாராளமாக நட்டுக்கொள்ளலாம்.

நமக்கு ஏற்றது நம்முடைய சின்ன வெங்காயமே. ஒரு குமிழை ஊன்றினால் அது அடியில் பிரிந்து நாலைந்து குமிழ்கள் கொண்ட கொத்தாகத் திரளும் என்பதாலும், 65 முதல் 90 நாட்களுக்குள் காரியம் முடிந்துவிடும் என்பதாலும், சிறிய இடத்துக்கு இதைக் காட்டிலும் சௌகரியமான பயிர் வேறில்லை. பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல், நாமக்கல் பிரதேசங்கள்தான் இதற்குப் பேர்போனவை. பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்து வெங்காயம் என்றால் வியாபாரிகளுக்குத் தனி மதிப்பு. காஞ்சிபுரமோ ஏரிப்பாசன நெல்லும் வேர்க்கடலையும் விளையும் சீமை. ஏக்கர் கணக்கில் வெங்காயம் போட்டு லாபம் காணலாம் என்று இந்நூல் யாருக்கும் ஆசை காட்டவில்லை. அரை சென்ட்டு, ஒரு சென்ட்டு நிலம் கொல்லையில் உள்ளவர்கள் வீட்டுச் செலவுக்குப் பயிரிடுவதைப் பற்றியே இங்கு பேச்சு.

அப்படிப்பட்ட கொல்லைகள் பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் தெருக்களில் இன்னும் மிச்சமிருக்கின்றன. முன்கட்டில் தறியும், பின்கட்டில் அடுப்படியும், அதற்குப் பின்னால் கிணறும் நாலு வாழையுமாக நீண்டு கிடக்கும் அந்த வீடுகளில், மழைக்காலம் வந்தால் தொழில் மந்தமாகும். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் கிடையாது. குழித்தறியில் கால் வைக்கும் பள்ளத்தில் நீர் ஊறிவிடும். ஈரக்காற்றில் பட்டு இழை வசப்படாது. தறி ஓடினால்தான் கூலி என்றிருக்கும் குடும்பத்துக்கு இந்த மாதங்கள் இன்பமானவை அல்ல. கை ஓய்ந்திருக்கும் அந்த நாட்களிலேயே வெங்காயம் ஊன்றும் பருவமும் அமைந்திருப்பதை நான் ஒரு நல்ல பொருத்தமாகவே கருதுகிறேன். கூலியை அது ஈடு செய்யாது. மாசி, பங்குனி இரண்டு மாதத்துக் குழம்புக்குக் கடைவீதியை நோக்கி நடக்கும் வேலையை மிச்சப்படுத்தும்.

விஷ்ணு காஞ்சியில் வரதராஜப் பெருமாள் சந்நிதியைச் சுற்றியுள்ள வீதிகளில் வெங்காயத்தைத் தொடாத வீடுகள் பல உண்டு என்பதையும், மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியில் வெங்காயத்துக்கு இடமே கிடையாது என்பதையும் காஞ்சி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆசாரமுள்ள அவ்வீட்டார் இந்த அத்தியாயத்தைத் தாண்டி, அடுத்துவரும் சேனைக்கிழங்குக்குப் போய்விடலாம்.

இனி, எப்போது ஊன்றுவது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சின்ன வெங்காயத்துக்கு ஏப்ரல்-மே என்றும், அக்டோபர்-நவம்பர் என்றும் இரண்டு பட்டங்கள் குறித்திருக்கிறார்கள். பெரம்பலூர்க்காரர் இரண்டாவது பட்டத்தின் தொடக்கத்திலேயே துணிந்து நடலாம். அங்கே மழை குறைவு. காஞ்சிபுரத்தின் கதை வேறு. ஆண்டில் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெறும் இப்பிரதேசத்தில் பாதிக்குமேல் அக்டோபர் மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதிலும் நவம்பரில் வங்கக் கடலில் உருவாகும் ஒரு தாழ்வு மண்டலம் ஒரே இரவில் கொல்லையைக் குளமாக்கிவிடக்கூடும். 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் இந்த மாவட்டம் பட்ட பாட்டையும், 2021 நவம்பரில் எப்போதும் மணலாய்க் கிடக்கும் பாலாறு இருகரையும் தொட்டு ஓடியதையும் பார்த்தவர்கள், ஐப்பசி முதல் வாரத்தில் விதை வெங்காயத்தை மண்ணில் போட மனம் ஒப்பமாட்டார்கள். ஊன்றி எட்டு நாள் ஆன, வேர் இன்னும் ஆழப் பிடிக்காத குமிழ், இரண்டு நாள் தேங்கிய நீரில் நின்றால் அடிப்பகுதி குழகுழத்து அழுகிவிடும். மேலே நிற்கும் பச்சைத் தாளைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் கையோடு வரும்.

ஆகையால் காஞ்சிக்கு நான் சொல்லும் கணக்கு இது: பாத்தியைப் புரட்டாசியிலேயே, மண் காய்ந்திருக்கும்போதே, கொத்தித் தயார் செய்துவிட வேண்டும், ஐப்பசி மழையை அந்த வெறும் பாத்தியின் மேல் பெய்யவிட்டு, நீர் எங்கே தேங்குகிறது, எப்பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும், குமரகோட்டத்தில் கந்த சஷ்டி உற்சவம் முடிந்து, திருக்கார்த்திகைத் தீபம் வருவதற்குள், மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் காய்கிற முதல் இடைவெளியில் ஊன்றிவிட வேண்டும். அந்த இடைவெளி தவறினால் கார்த்திகைக் கடைசி வரையிலும் பொறுக்கலாம், பெரிய நஷ்டமில்லை. மார்கழியும் பிறந்து பாதி கடந்தபின் ஊன்றினால் கடைசி மாதத்தில் வெயில் உறைக்கத் தொடங்கி, இலைப்பேன் பெருகி, குமிழ் சிறுத்துவிடும்.

விதைக்காயைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அறுவடையான கையோடு வெங்காயத்தை ஊன்றினால் அது முளைக்காமல் முரண்டு செய்யும். குறைந்தது இரண்டு மாதமாவது காற்றோட்டமான இடத்தில் உறங்கி எழுந்த காயே விதைக்கு உதவும். ஆடி, ஆவணியில் பிடுங்கிப் பட்டறையில் சேமித்த வெங்காயம் கார்த்திகையில் சரியான பக்குவத்துக்கு வந்திருக்கும். ராஜாஜி மார்க்கெட்டில் மளிகைக்கென்று விற்கும் காயிலிருந்தும் விதை பொறுக்கலாம்; ஆனால் கடைக்காரரிடம் ‘பழைய காயா, புதுக் காயா’ என்று முதலில் கேளுங்கள். புதுக்காயின் மேல்தோல் ஈரப்பசையோடு பளபளக்கும், கழுத்தை அழுத்தினால் மெத்தென்றிருக்கும். பழைய காயின் தோல் சருகாகிச் சலசலக்கும், கழுத்து நூல்போல் இறுகியிருக்கும், நுனியில் பச்சை முளை ஊசிமுனை அளவு எட்டிப் பார்க்கும். அந்த ஊசிமுனையைக் கண்டால் வாங்கிவிடலாம். முளை விரல் நீளம் வளர்ந்துவிட்டதை வாங்காதீர்கள், அதன் சத்தெல்லாம் வீணாய்ப் போயிருக்கும். கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள நடுத்தரக் காய்களே உத்தமம். மிகப் பெரியதைச் சமையலுக்கும் மிகச் சிறியதை ஊறுகாய்க்கும் ஒதுக்குங்கள். கொத்தாக இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, காய்ந்த வாலையும் பழைய வேர்க்குச்சத்தையும் கிள்ளிவிட்டு, தோலை மட்டும் உரிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அடித்தட்டில் கறுப்புப் பொடியோ பூசணமோ தென்படும் காய் ஒன்றே ஒன்றானாலும் தயவு தாட்சண்யமின்றித் தூர எறிந்துவிடுங்கள்.

பல்கலைக்கழகக் கணக்கில் ஹெக்டேருக்கு 1,000 கிலோ விதை. அதைக் கொல்லைக் கணக்காக்கினால் ஒரு சென்ட்டுக்கு 4 கிலோ வரும், நெருக்கி நட்டால் 5 கிலோ பிடிக்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்த ‘கோ’ வரிசை ரகங்களில் கோ 4 முதலியவை குமிழால் பெருகுபவை. கோ 5 என்ற ரகத்தின் விசேஷம், மற்றச் சின்ன வெங்காயங்களைப்போல் அல்லாமல் அது நம் தட்பவெப்பத்திலேயே பூத்து விதை பிடிப்பதால், நாற்றுவிட்டும் நடலாம் என்பது. விதைச் செலவு அதனால் வெகுவாகக் குறையும் என்றாலும், நாற்றங்காலைக் காஞ்சியின் அடைமழையில் காப்பாற்றும் பிரயாசையை நினைத்தால், கொல்லைக்காரர்களுக்கு ஊன்றும் முறையே மேல் என்பது என் தீர்மானம்.

பாத்தி அமைப்பதில் சோம்பல் கூடாது. வயல்வெளியில் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, பாரின் இருபக்கச் சரிவிலும் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊன்றுவது வழக்கம். மழைக்காலத்துக் கொல்லைக்கு நான் மேட்டுப்பாத்தியையே சிபாரிசு செய்கிறேன்: இருபுறமிருந்தும் கை எட்டும்படி மூன்றரை அடி அகலம், தரைமட்டத்துக்குமேல் முக்கால் அடி உயரம், பாத்திக்குப் பாத்தி நடுவே ஓர் அடி அகல வாய்க்கால். பாத்தியின் நடுமுதுகு சற்றே உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்க வேண்டும். சட்டம் வைத்து மட்டமாக்கிய பாத்தி கண்ணுக்கு அழகு, வெங்காயத்துக்கு யமன். வாய்க்கால்கள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, அங்கிருந்து வாழையடிக்கோ சாக்கடைக்கோ நீர் தங்குதடையின்றி வெளியேற வேண்டும். பழைய நெசவாளர் வீடுகளில் கொல்லையைவிடப் பக்கத்துச் சந்து மேடாகிவிட்டிருப்பதைப் பார்க்கலாம்; வருஷா வருஷம் தெருவுக்குத் தார் ஊற்றி உயர்த்தியதன் பலன் அது. அத்தகைய கொல்லையில் தரையில் நடும் ஆசையை விட்டுவிட்டு, மாடியில் அகன்ற தொட்டியிலோ பையிலோ நடுவதுதான் புத்திசாலித்தனம்.

பாலாற்றை ஒட்டிய மணற்பாங்கான மண் வெங்காயத்துக்கு இயல்பாகவே உகந்தது. ஏரி வண்டல் அடித்து நிரப்பிய களிமண் கொல்லையானால், மணலும் மக்கிய தொழு உரமும் தாராளமாகக் கலந்து பொலபொலப்பாக்கியாக வேண்டும். சென்ட்டுக்கு 100 கிலோ தொழு உரம் அதிகமல்ல. உரத்தை முழுக்க மக்கியதாகப் பார்த்துப் போடுங்கள். பச்சைச் சாணத்தை நம்பிப் போட்டவர்களின் பாத்தியில் வெங்காயத்தைவிடப் புழுக்களே அதிகம் விளையும். அந்த எருவிலேயே டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரத்தோடு மூடிவைத்து இடுவது அழுகல் நோய்க்கு நல்ல தடுப்பு. வேளாண்மை விரிவாக்க மையங்களில் கேட்டுப் பாருங்கள். இரசாயன உரம் போட விரும்புகிறவர்கள் சென்ட்டுக்கு ஒன்றரைக் கிலோ சூப்பர் பாஸ்பேட்டும், கால் கிலோ யூரியாவும், 200 கிராம் பொட்டாஷும் அடியுரமாக இட்டு, 30ஆம் நாள் இன்னொரு கால் கிலோ யூரியாவை மழையில்லாத நாளாகப் பார்த்து மேலுரமாகத் தூவலாம். அதற்குமேல் யூரியா வேண்டவே வேண்டாம்: தாள் மதமதவென்று வளர்ந்து, கழுத்து தடித்து, அறுவடைக்குப்பின் அந்தத் தடித்த கழுத்து வழியாகவே அழுகல் இறங்கும்.

காஞ்சிபுரத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பட்டு நூலின் பசையைப் போக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிய நீரையும், சாயம் தோய்த்து அலசிய நீரையும் கொல்லைப்பக்கம் கொட்டும் வழக்கம் எங்காவது இருந்தால், அந்த ஓட்டத்தின் வழியில் வெங்காயப் பாத்தி போடாதீர்கள். காரம் ஏறிய மண்ணில் தாள் நுனி கருகும், குமிழ் திரளாது. சாய நீர் ஊறிய மண்ணில் விளைந்ததை உண்பதும் உடம்புக்கு ஆகாது.

ஊன்றுவது எளிய வேலை, குழந்தைகளும் செய்யலாம். முதல் நாள் மாலை பாத்தியை நனைத்து, மறுநாள் காலை விரல் பதியும் பதத்தில், வரிசைக்கு வரிசை அரையடியும், காய்க்குக் காய் நாலு விரற்கடையும் இடைவெளிவிட்டு, வேர்ப்பக்கம் கீழாகப் பிடித்து, கழுத்து மண்மட்டத்தில் தெரியுமளவு அழுத்திவிட வேண்டும். ஆழப் புதைப்பது கூடாது. தலைகீழாக ஊன்றிய காயும் எப்படியோ திரும்பி முளைத்துவிடும், ஆனால் கோணலாகும். ஒரு வாரத்துக்குள் பச்சை நுனிகள் வரிசை கட்டி நிற்பதைக் காணலாம். முளைக்காத இடங்களில் கையிருப்பு விதையைப் பத்தாம் நாளைக்குள் ஊன்றி நிரப்பிவிடுங்கள். பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்துவைத்தால், வெளியிலிருந்து காற்றில் வரும் இலைப்பேனுக்கு அது ஒரு வேலியாகும். குழந்தைகளுக்குச் சுட்டுத்தின்னக் கதிரும் கிடைக்கும்.

ஊன்றியதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர், பிறகு வாரத்துக்கு ஒரு தரம் என்பது புத்தகச் சட்டம். கார்த்திகை, மார்கழியில் வானமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் நாட்கள் பல. மண்ணை ஒரு விரல் ஆழம் தோண்டிப் பாருங்கள். ஈரமிருந்தால் வாளியை எடுக்க வேண்டாம். வெங்காயத்தின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுபவை ஆதலால், 20, 25 நாளில் ஒரு தரமும் 40ஆம் நாளுக்குள் மறுதரமும் களையைக் கையால் பிடுங்க வேண்டுமேயன்றி, மண்வெட்டியால் ஆழக் கொத்தக் கூடாது. கனமழை பெய்து ஓய்ந்த மறுகணம் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு: வாய்க்கால்களில் அடைத்த சருகையும் மண்ணையும் வாரி, நீர் ஓடவிடுவது. மழை வெறித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரவெல்லாம் விட்டுவிட்டால், காலையில் பார்த்துக்கொள்ள அதிகம் மிஞ்சாது.

நோய்களில் மழைக்காலத்துக்குரியவை இரண்டைச் சொல்கிறேன். தாள்கள் வெளிறி, சுருண்டு முறுக்கிக்கொண்டு, கழுத்து அளவுக்கு மீறி நீண்டு நின்றால் அது திருகல் நோய். ஈரம் தங்கும் பாத்தியில் இது வேகமாகப் பரவும், கண்ட செடியை உடனே பிடுங்கி எரித்துவிடுவதே பரிகாரம். தாளில் நீள்வட்டப் புள்ளி தோன்றி, நடுவில் ஊதா நிறம் படர்ந்து, அவ்விடத்தில் தாள் ஒடிந்து தொங்கினால் அது மார்கழிப் பனி ஈரத்தில் தலைகாட்டும் இலைப்புள்ளி நோய். மாங்கோசெப் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம். வெங்காயத் தாளின்மேல் மெழுகுபோன்ற ஒரு படலம் இருப்பதால் வெறுமனே தெளித்த மருந்து முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும். ஒட்டும் திரவமோ, கொஞ்சம் காதிச் சோப்புக் கரைசலோ சேர்த்துத் தெளித்தால்தான் படியும். தை பிறந்து காற்று உலர்ந்ததும் தாளில் வெள்ளிக் கீற்றுகள் தெரியுமானால் இலைப்பேன் வந்துவிட்டது என்று அறிந்து, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலை வேளையில் தெளிக்க வேண்டும். தாளை அவ்வப்போது கிள்ளிச் சமையலுக்கு எடுப்பவர்கள் ஒவ்வொரு தாளும் குமிழைத் திரட்டும் ஓர் அடுப்பு என்பதை மறக்கக் கூடாது. கீரை வேண்டுமானால் அதற்கென்று ஓரத்தில் ஒரு வரிசை தனியாக ஊன்றிக்கொள்ளட்டும்.

தைக் கடைசியில் அல்லது மாசி முதல் வாரத்தில் தாள்கள் கழுத்தில் தளர்ந்து தாமே சாயத் தொடங்கும். பாதிக்குமேல் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்து வெயில் நாளில் பிடுங்க வேண்டும். பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு வரிசையாகப் பரப்பி, முன்வரிசைக் குமிழ்களைப் பின்வரிசைத் தாள்கள் மூடும்படி வைத்தால், நேர்வெயில் குமிழைச் சுடாமல் கழுத்து மட்டும் காயும். மூன்று நாலு நாளில் தாள் சருகானபின், இரண்டு விரற்கடை வால் விட்டு அரிந்து, நிழலில் ஆற்றிவிடலாம். பெரம்பலூர் விவசாயிகள் தரையிலிருந்து உயர்த்திய கல்தளத்தின்மேல் மூங்கிற் படல் அடைத்து, மேலே கீற்று வேய்ந்து, நாற்புறமும் காற்று நுழையும் பட்டறைகளில் மாதக்கணக்காக வெங்காயத்தைக் காக்கிறார்கள். ஒரு சென்ட்டுக்காரருக்குப் பட்டறை தேவையில்லை; தாளை அரியாமலேயே சிறு சிறு முடிகளாகக் கட்டிப் பரணில் கம்பு குறுக்கிட்டுத் தொங்கவிட்டால் போதும். சாக்குமூட்டை மட்டும் ஆகாது. நல்ல பராமரிப்பில் ஊன்றியதைப்போல் பத்து மடங்கு எடுக்கலாம். காஞ்சியின் மழையில் ஆறு மடங்கு கண்டாலும் குறை சொல்வதற்கில்லை.

இந்த மாசி அறுவடையிலிருந்து கார்த்திகைக்கு விதை வைக்க நினைக்காதீர்கள். ஒன்பது மாதம் அது தாங்காது. இரண்டு மூன்று மாதம் உறங்கி எழுந்ததும், கிணற்றில் நீர் இருந்தால், சித்திரைக் கடைசியில் ஊன்றி ஆடியில் எடுங்கள். அந்த ஆடி வெங்காயம் அடுத்த கார்த்திகைக்கு விதையாகும். இப்படி ஒரு பட்டம் மறுபட்டத்துக்கு விதை கொடுத்து வருமானால் முதல் வருஷத்துக்குப்பின் நீங்கள் விதைக்குக் காசு செலவிட வேண்டாம். அதற்கு ஒரே நிபந்தனை, விதைக்கென்று கட்டிய 5 கிலோ முடிகளைத் தனியே அடையாளமிட்டு, வீட்டில் யாரும் அவசரத்துக்குக் கை நீட்டி எடுக்க முடியாத உயரத்தில் தொங்கவிடுவது. கடையில் வெங்காய விலை ஏறும் வாரத்தில்தான் விதை முடிகள் சாம்பாருக்குள் போகின்றன.